நாலு நிமிடப் படம், நாலு மாத வேலை

வல்வெட்டித்துறையில் பெரியப்பா வீட்டுக்கு ஓடு மாற்றியபோது பரணிலிருந்து ஒரு றங்குப் பெட்டி இறங்கியது. உள்ளே காய்ந்து தூளாகிப்போன வேப்பிலை. அந்தத் தூளுக்குள் பழைய சாரத் துணியில் சுற்றிய சாம்பல் நிற இரும்புச் சாமான் ஒன்று. கூரை வேலைக்கு வந்த பொடியன் எட்டிப் பார்த்து, "என்னண்ணை, தையல் மெசினோ?" என்றான். விறாந்தையில் இருந்த பெரியம்மா திரும்பியே பார்க்கவில்லை. "அது அவற்றை படப்பெட்டி. கப்பலாலை வரேக்கை கொண்டந்தவர். இப்ப ஆர் அதைப் பாக்கப்போகினம்?"

8 மி.மீ. அகலப் பிலிம் ஓட்டும் புரொஜெக்டர். ஒலி இல்லாதது. பெயர்த்தகடு எப்போதோ கழன்று, அது இருந்த இடத்தில் இரண்டு ஆணி ஓட்டைகள் மட்டும் மிஞ்சியிருந்தன. ஆகவே இன்ன மொடல் என்று தேடிப் படிக்க வழியில்லை. கூடவே ஐந்து றீல்கள்: நாலு சின்னது, 50 அடி. ஒன்று பெரியது, 200 அடி.

செய்தி பரவியதும் சொந்தக்காரர் எல்லாரும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்கள். கலியாணப் படம் இருக்கிறதா? அந்தக் காலத்து ஊர் இருக்கிறதா? இல்லை. பெரியப்பாவிடம் கமெரா இருந்ததே இல்லை. ஐந்தும் வெளிநாட்டுக் கடையில் பெட்டியோடு வாங்கிய படங்கள். சார்லி சாப்ளின் இரண்டு, கார்ட்டூன் ஒன்று, மிருகக்காட்சிச்சாலை ஒன்று, 1969இல் சந்திரனில் இறங்கியது ஒன்று. கேட்டவர்களில் பாதிப்பேருக்கு அதோடு ஆர்வம் போய்விட்டது. எனக்கு அப்போதுதான் பிடித்தது.

வீடியோ வருவதற்கு முன்பு ஒரு படத்தைச் சொந்தமாக வீட்டில் வைத்திருக்க வேண்டுமென்றால் இதுதான் வழி. பிரான்சின் பதே கம்பனி 1922இல் 9.5 மி.மீ. பிலிமில் இப்படிப் படங்களை விற்கத் தொடங்கியது. கொடாக் 1923இல் 16 மி.மீ. கொண்டுவந்தது, 1932இல் 8 மி.மீ. பதேயின் முறையில் எனக்குப் பிடித்த ஒரு கெட்டித்தனம் உண்டு. ஊமைப் படத்தில் வசன எழுத்து வரும் இடத்தில் பிலிமின் ஓரத்தை ஒரு சின்ன வெட்டு வெட்டி வைத்திருப்பார்கள். அந்த வெட்டு வந்ததும் இயந்திரம் பிலிமைச் சில விநாடி நிறுத்திவைக்கும். எழுத்தை வாசிக்க நேரமும் கிடைக்கும், பிலிமும் மிச்சம். 8 மி.மீ.யில் அந்த வசதி இல்லை. ஓர் அடி பிலிமில் 80 தனித்தனிப் படங்கள், ஆக 50 அடியில் 4000. விநாடிக்கு 16 படம் ஓடினால் 4 நிமிடம் 10 விநாடி. சாப்ளின் 1916-17இல் மியூச்சுவல் கம்பனிக்கு எடுத்த 12 படங்களும் ஒவ்வொன்றும் ஏறக்குறைய இருபது நிமிடமோ அதற்கு மேலோ ஓடுபவை. அதில் நல்ல அடிதடி இருக்கிற நாலு நிமிடத்தை மட்டும் வெட்டி, வீட்டுக்கென்று விற்றார்கள். பெரியப்பாவின் றீலும் அப்படி ஒரு துண்டுதான்: காலில் சில்லுச் சப்பாத்து, மண்டபம் முழுக்க விழுந்தெழும்பல்.

இயந்திரத்தைத் தொட முதல் பிலிமைப் பார்க்க வேண்டும். இயந்திரத்தில் எதைப் பிழையாகச் செய்தாலும் திரும்பச் செய்யலாம். பிலிமில் ஒரு கீறல் விழுந்தால் விழுந்ததுதான். நல்லகாலமாக 8 மி.மீ.யும் 16 மி.மீ.யும் தொடக்கத்திலிருந்தே தீப்பிடித்து எரியாத அசிற்றேற் பிலிமில் வந்தவை. பழைய தியேட்டர் பிலிம் மாதிரி வீட்டைக் கொளுத்தாது. ஆனால் அசிற்றேற்றுக்கு வேறு வருத்தம் உண்டு. வெக்கையும் ஈரமும் சேர்ந்தால் அது மெல்ல மெல்லச் சிதைந்து வினாகிரியாக மணக்கும். வல்வெட்டித்துறைக் கடற்காற்றும் ஓட்டுக்கூரைச் சூடும் அதற்கு விருந்து வைத்த மாதிரி. நாலு சின்ன றீல்களும் வேப்பிலை மணம். ஐந்தாவது, சந்திரன் றீலின் தகர டப்பாவைத் திறந்ததும் மூக்கில் குத்தியது. பக்கத்தில் நின்ற மகள், "அப்பா, ஆரோ சம்பலுக்கு வினாகிரி ஊத்தினமாதிரி" என்றாள். அந்தப் புளிப்பு மற்ற றீல்களுக்கும் தொற்றும் என்பதால் அன்றைக்கே அதை வேறு அறைக்கு மாற்றினேன்.

மணத்தை மட்டும் நம்பக்கூடாது, சுருக்கத்தையும் அளக்கலாம். சாதாரண 8 மி.மீ.யில் ஒரு துளைக்கும் அடுத்த துளைக்கும் இடையே 3.81 மி.மீ. ஆகவே 100 படங்கள் சரியாக 381 மி.மீ. நீளம் இருக்க வேண்டும். மேசையில் உருக்கு அடிமட்டத்தை ஒட்டி, பருத்திக் கையுறை போட்டு, நூறு துளை எண்ணினேன். சின்ன றீல்கள் 379க்கும் 380க்கும் இடையில். பரவாயில்லை. சந்திரன் 376. ஒரு சதவீதத்துக்கு மேல் சுருங்கிவிட்டது. அந்த அளவு சுருங்கிய பிலிமைப் புரொஜெக்டரில் போட்டால் அதை இழுக்கும் நகம் துளையைத் தவறவிட்டுப் பிலிமைக் கிழிக்கும். சரி, சந்திரன் இப்போதைக்கு இல்லை.

இனி இயந்திரம். பின்மூடியைக் கழற்றினால், ஐம்பது வருடத்துக் கிறீஸ் தேன்மெழுகு மாதிரி இறுகிக் கிடந்தது. மோட்டரின் தண்டு கையால் சுற்றவே மாட்டேன் என்றது. மண்ணெண்ணெயில் தோய்த்த பல் பிறஷால் மூன்று பின்னேரம் துடைத்தேன். பிறகு தையல் மெசின் எண்ணெய், ஓரிடத்துக்கு ஒரு துளி. கூரைப் பொடியன் சொன்னது அவ்வளவு பிழையில்லை என்று அப்போது தெரிந்தது. நகம் துளையில் கொளுவி, பிலிமை ஒரு படம் கீழே இழுத்து, விலகி, மேலே போய், திரும்பக் கொளுவுகிறது. தையல் மெசின் துணியைத் தள்ளுவதும் இதே ஆட்டம்தான். லூமியர் சகோதரர்களுக்கும் தையல் மெசினிலிருந்துதான் யோசனை வந்தது என்று சொல்லுவார்கள்.

வயர்களின் றப்பர் உறை தொட்டதும் மாவாக உதிர்ந்தது. அத்தனையையும் மாற்றினேன். உடம்பு முழுக்க இரும்பு, எர்த் இல்லை. மூன்று முனை பிளக் போட்டு, எர்த் வயரை உடம்போடு திருகினேன். இதில் சோம்பல் பட்டால் படம் பார்க்க ஆள் இருக்காது. முதன்முதல் கரண்ட் கொடுத்தபோது இடையில் ஒரு 60 வாட் குண்டு பல்பைத் தொடராகப் போட்டேன். உள்ளே எங்காவது ஷோர்ட் இருந்தால் பல்ப் முழு வெளிச்சத்தில் எரியும், இயந்திரம் தப்பும். பல்ப் மங்கலாகச் சிவந்தது, மோட்டர் முனகியது. நல்ல சகுனம். ஆனால் முழுக் கரண்டில் மோட்டருக்குள் நீலப்பொறி பறந்தது. காபன் பிறஷ் தேய்ந்து அரை நகம் அளவுதான் மிச்சம். யாழ்ப்பாணத்தில் புரொஜெக்டருக்கு காபன் கேட்டால் சிரிப்பார்கள், கிரைண்டருக்குக் கேட்டால் எந்த ஹாட்வெயாரிலும் கிடைக்கும். வாங்கி, மண்கடுதாசியில் உரைத்து உரைத்து அளவுக்குக் கொண்டுவந்தேன்.

பிலிமைச் சுற்றி எடுக்கும் கீழ் றீலின் றப்பர் பெல்ட் தார்போல உருகிக் கப்பியோடு ஒட்டியிருந்தது. கால்மெசினின் தோல் வார் போட்டுப் பார்த்தேன், தடிப்புக் கூட. கடைசியில் தண்ணீர் மோட்டர் திருத்தும் கடையில், ஆணியில் கொத்தாகத் தொங்கிய ஓ-றிங்குகளை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்த்தோம். கடைக்கார ஐயாவுக்கு நான் என்ன செய்கிறேன் என்று விளங்கியதும் வேலையை விட்டுவிட்டு வந்து நின்றார். "தம்பி, இறுக்கமாப் போடாதையும். றீல் நிறைய நிறைய மெதுவாச் சுத்த வேணும், பெல்ட் கொஞ்சம் வழுக்கினாத்தான் பிலிம் அறாது." புரொஜெக்டரை வாழ்நாளில் கண்டிராத மனிதர். சொன்னது நூற்றுக்கு நூறு சரி.

பல்ப்தான் என் பொறுமையைத் தின்றது. உள்ளே இருந்தது 12 வோல்ட் 100 வாட். இழை அறுந்து, கண்ணாடி கறுத்துப் போயிருந்தது. இயந்திரத்தின் சொந்த ரான்ஸ்போமர் நல்லாக இருந்ததால் மோட்டச்சைக்கிள் ஹெட்லைற் ஹலோஜன் பல்பை அந்த இடத்தில் கட்டினேன். சுவரில் வெளிச்சம் விழுந்தது, நடுவில் இழையின் நிழலுருவம் ஒரு புழுவைப்போல. பல்பை அரை விரற்கடை பின்னுக்குத் தள்ளினேன், புழு கலைந்தது. அவசரம். வெற்றுப் பிலிம் போட்டுப் பார்த்த கையோடு சாப்ளின் றீலை ஏற்றிவிட்டேன்.

அந்த றீலில் பழைய ஒட்டு ஒன்று இருந்தது. வெளிச்சத்துக்கு முன்னால் பிலிம் நழுவிப்போகும் ஒடுக்கமான வழிதான் கேற். அந்தக் கேற்றுக்குள் அது வந்து மாட்டியது. நகம் சும்மா கீறிக்கொண்டு நின்றது, பிலிம் நகரவில்லை. திரையில் சாப்ளினின் தொப்பி ஒரு கணம் அசையாமல் நின்றது. பிறகு நடுவில் பழுப்பாக ஒரு பொட்டு, அது அப்பளம் பொங்குவதுபோல் கொப்பளித்து விரிந்தது. சுவிச்சுக்குக் கை போவதற்குள் இரண்டு படம் போய்விட்டது. 4000இல் இரண்டு, விநாடியில் எட்டில் ஒரு பங்கு. யாருக்கும் தெரியாது. எனக்குத் தெரியும். அன்றிரவு சாப்பாடு இறங்கவில்லை.

அதோடு சூடான பல்புகளுக்குக் கும்பிடு போட்டுவிட்டு எல்ஈடிக்குப் போனேன். 12 வோல்ட் 20 வாட் துண்டு ஒன்றைப் பழைய கணினியின் அலுமினியக் குளிரூட்டியில் பூட்டி, லென்சுக்குப் பின்னால் வைத்தேன். ரான்ஸ்போமரிலிருந்து வரும் கரண்டை நாலு டையோடால் ஒருதிசைக் கரண்டாகத் திருத்திக் கொடுத்தேன். வெளிச்சம் அருமை. ஆனால் படம் மூச்சு வாங்கியது. விநாடிக்கு மூன்று நாலு தடவை மெல்ல மங்கி, மெல்லத் தெளிந்தது. இரண்டு நாள் மோட்டரைச் சந்தேகித்தேன். மோட்டரில் பிழையில்லை, கணக்கில்தான். லென்சுக்குப் போகும் வெளிச்சத்தை விட்டுவிட்டு மறைத்துச் சுழலும் தகடுதான் ஷட்டர். அதற்கு மூன்று இதழ். விநாடிக்கு 16 படம் என்றால் 48 முறை வெளிச்சத்தை மறைக்கும். நம் கரண்ட் விநாடிக்கு 50 சுற்று, திருத்திய பிறகு எல்ஈடி விநாடிக்கு 100 தடவை மினுங்கும். 48இன் இரட்டிப்பு 96. 96க்கும் 100க்கும் உள்ள வித்தியாசம் நாலு. அந்த நாலுதான் சுவரில் மூச்சாகத் தெரிந்தது. பழைய இழை பல்பில் இந்தத் தொல்லை இல்லை, கரண்ட் விழுந்து எழும்பும் இடைவெளியில் இழை ஆறுவதில்லை.

மினுங்கலைச் சமப்படுத்தப் பெரிய கப்பாசிற்றர் போட்டால் தீரும், உள்ளே அதற்கு இடமில்லை. யூபிஎஸ்ஸிலிருந்து கழற்றிய 7 அம்பியர்-மணி பற்றறியை எல்ஈடிக்கு மட்டும் கொடுத்தேன். வெளிச்சம் பால்போல அசையாமல் நின்றது. பற்றறியைக் கண்ட பெரியம்மா, "தொண்ணூறிலை கரண்ட் இல்லாதேக்கை சைக்கிள் டைனமோவிலை ரேடியோ கேட்ட வீடு இது. பற்றறி இருந்தாப் பணக்காரர்" என்றார்.

16 படம் என்ற வேகத்தை முன்னமே எப்படிப் பிடித்தேன்? இயந்திரத்தில் ஒரு திருகு இருக்கிறது, இலக்கங்கள் அழிந்துவிட்டன. வெற்றுப் பிலிமில் இரண்டு அடியை வெட்டி, இரு முனையையும் ஒட்டி வளையமாக்கினேன். 160 படங்கள். ஒட்டில் கறுப்பு மையால் ஒரு கோடு. வளையத்தை ஓடவிட்டால் கோடு திரையில் பளிச்சென்று தாண்டும். 16 படம் என்றால் சரியாகப் பத்து விநாடிக்கு ஒரு தடவை தாண்ட வேண்டும். முதலில் ஏழரையில் தாண்டியது. பழைய படங்களில் மனிதர்கள் தத்தித் தத்தி ஓடுகிறார்களே, அந்த வேகம். திருகைக் குறைத்துக் குறைத்து, பத்துச் சுற்றுக்கு 100 விநாடி வரும்வரை நின்றேன். அந்த இடத்தில் வெள்ளை பெயின்ற் பொட்டு.

ஒட்டுகளுக்கு வருகிறேன். பழைய ஒட்டெல்லாம் காய்ந்து, தொட்டால் கழன்றது. பிலிம் ஒட்டும் திரவம் இங்கே கிடைக்கவில்லை. சாதாரண செலோரேப் கூடாது, வெக்கைக்குப் பசை கசிந்து அடுத்த சுற்றோடு ஒட்டிக்கொள்ளும். தொலைபேசி திருத்தும் பொடியனிடம் சூடு தாங்கும் மஞ்சள் ரேப் இருந்தது, மெல்லியது, பசை ஓடாது. இரண்டு படத்துக்கு மட்டும் இரு பக்கமும் ஒட்டி, துளையைச் சவர பிளேட்டின் மூலையால் திறந்தேன். திரையில் அந்த இடம் வரும்போது சாப்ளின் கண்ணிமைக்கும் நேரம் மஞ்சள் பூசிக்கொள்கிறார். நூலகத்துக்குக் கொடுக்கும் பிலிமென்றால் இப்படிச் செய்யமாட்டேன். வீட்டுக்குப் போதும்.

கேற்றில் மயிர், தூசு சேர்ந்தால் திரையில் பாம்பாகத் தெரியும். ஊசி, திருப்புளி கிட்டவே போகக்கூடாது. இரும்பு கீறினால் அந்தக் கீறல் ஓடுகிற ஒவ்வொரு பிலிமையும் கீறும். தென்னோலை ஈர்க்கின் நுனியை மழுக்கி, பஞ்சு சுற்றி, ஸ்பிரிட்டில் தோய்த்துத் துடைக்கிறேன். இவ்வளவு நல்ல கருவி காசுக்குக் கிடைக்காது.

திரைக்கு முதலில் பெரியப்பாவின் வெள்ளை வேட்டியைக் கட்டினோம். பாதி வெளிச்சம் அதனூடாகப் பின்சுவருக்குப் போய்விட்டது. பத்தடி தூரத்தில் படம் இரண்டடி அகலம்தான் வருகிறது. பிள்ளைகளின் பாடசாலை வேலைக்கு வாங்கி வைத்திருந்த பிறிஸ்டல் போட் ஒன்று அதற்கு அளவெடுத்துச் செய்ததுபோல் பொருந்தியது.

படம் காட்டியது வல்வெட்டித்துறையில்தான், பெரியம்மாவின் விறாந்தையில். பத்துப் பன்னிரண்டு பேர். லைற்றை அணைத்ததும் இயந்திரம் கடகடவென்று சத்தம் போட்டது. ஊமைப் படம் என்கிறோமே தவிர, வீட்டில் அது ஒருநாளும் ஊமையாக இருந்திருக்காது. ஆங்கில எழுத்து வந்ததும் சின்னவர்கள் "என்ன போட்டிருக்கு?" என்று கத்தினார்கள். நான் வாசிக்க வாயெடுக்க முதல் எழுத்து மறைந்துவிட்டது. இருட்டுக்குள்ளிருந்து பெரியம்மாவின் குரல்.

"இப்ப அந்தத் தடியன் வருவான் பாருங்கோ. அவன்ரை பேர் சங்கக்கடை மனேச்சர்."

எல்லாரும் திரும்பினோம். தடியன் வந்தான். சில்லுச் சப்பாத்தோடு, தொப்பையைத் தள்ளிக்கொண்டு.

"அவர் எழுத்து வாசிக்கிறேல்லை. இங்கிலீசு வந்தா எங்களுக்கு விளங்காதெண்டு தானே ஒரு கதை கட்டிச் சொல்லுவார். மீசைக்காரன் மாப்பிளை, இந்தப் பெட்டை கந்தையான்ரை மேள், சீதனத்துக்குத்தான் அடிபாடு. தடியன் மா நிறுவையிலை களவெடுத்ததுக்கு மீசைக்காரன் உதைக்கிறான். இப்ப விழுவான்." விழுந்தான். விறாந்தை அதிர்ந்தது.

நாலு நிமிடமும் அவர்தான் சொன்னார். ஒட்டில் மஞ்சள் அடித்தபோது மட்டும் நிறுத்தி, "உது முந்தி இல்லை" என்றார். நான் எரித்த இரண்டு படம் போன இடம் அதுதான். இரண்டாவது சாப்ளின் றீலில் அதே மீசைக்காரனுக்கு வேறு சீதனப் பிரச்சினை. கார்ட்டூனுக்குக் கதை இல்லை. "அதுக்கு அவர் பேசாமல் இருந்து சிரிப்பார்" என்றார்.

பிள்ளைகளுக்கு அதிகம் பிடித்தது, படம் முடிந்து பிலிமைப் பின்னோக்கி ஓட்டியதுதான். விழுந்த தடியன் நிலத்திலிருந்து மிதந்து எழும்பி, சாப்ளினின் காலில் போய் ஒட்டிக்கொண்டான். அதை ஆறுதரம் போட்டேன். ஓ-றிங் சூடாகி மணந்த பிறகுதான் விட்டார்கள்.

இன்னும் ஒரு வேலை கிடக்கிறது. பெரியம்மாவுக்குச் சந்திரன் படம் வேண்டும். அதற்குப் பெரியப்பா சொன்ன கதைதான் ஐந்திலும் நல்ல கதையாம், படம் ஓடாமல் சொல்ல வராதாம். அந்தப் பிலிமை இழுக்க முடியாது, ஓடவிட முடியாது. எனவே கண்ணாடித் துண்டுக்குக் கீழே எல்ஈடி வைத்து, மேலே உருப்பெருக்கி, அதற்கு மேலே கைத்தொலைபேசி. நகத்துக்குப் பதிலாக என் விரல், ஒவ்வொரு படமாக நகர்த்தி எடுக்கிறேன். 200 அடி, 16,000 படங்கள். வினாகிரி மணத்துக்கு யன்னல் திறந்து வைத்து, இரவில் சாப்பிட்ட பிறகு நாற்பது ஐம்பது எடுக்கலாம், அதற்குமேல் கண் மங்கிவிடும். நேற்றோடு 640 ஆகியிருக்கிறது. ஓடவிட்டால் 40 விநாடி. ரொக்கெட் இன்னும் தரையில்தான் நிற்கிறது.